மைனஸ் 196

மான்ட்ரியல் குளிரைப் பத்தி நான் புலம்பாத புலம்பல் இல்ல. ஜனவரியில மைனஸ் 25 தொட்டுச்சுன்னா, பஸ் ஸ்டாப்புல நிக்கிறப்பவே குலதெய்வத்துலேர்ந்து ஆரம்பிச்சு எல்லா சாமியும் ஞாபகத்துக்கு வந்துடும். இன்னிக்கு எழுதப்போறது அந்தக் குளிரைப் பத்தி இல்லீங்க. அதைவிடப் பெரிய குளிர். மைனஸ் 196 டிகிரி. திரவ நைட்ரஜனோட குளிர். குழந்தைக்காக சிகிச்சை எடுத்துக்கிறவங்களோட கருவை உறைய வெச்சுப் பாதுகாக்கிறது இதுலதான்.

எனக்கு இது வெறும் பொது அறிவு சமாச்சாரம் இல்ல. வயசு 34. பிஎச்.டி முடிய இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்னு கைடு சொல்றார் (அவர் சொல்ற ரெண்டு எப்பவும் மூணுதான்). வீட்டுக்காரர் சென்னையில. ஊர்லேர்ந்து வர்ற ஒவ்வொரு போன்லயும் "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" உண்டு, ஆய்வுக்கட்டுரை ஒண்ணு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொன்னா அத்தைக்குப் புரியாது :-) ஆக, கருவை உறைய வெச்சுக்கலாமான்னு ஆறு மாசமா எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு ஓடுது. அதுக்காகத் தேடித் தேடிப் படிச்சதும், நடுவுல இங்க ஒரு அக்காவுக்கு உதவப் போனதும் சேர்ந்துதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். நம்மாளுங்க பலபேரு கருமுட்டையை உறைய வைக்கிறதையும் கருவை உறைய வைக்கிறதையும் ஒண்ணாவே பேசுறாங்க. முட்டைங்கிறது பெண்ணோடது மட்டும். அதை உறைய வெச்சா, பின்னால என்ன பண்றதுன்னு அவ ஒருத்தி முடிவு பண்ணினா போதும். கருங்கிறது முட்டையும் விந்தணுவும் சேர்ந்தாச்சு. அதுல ரெண்டு பேருக்குப் பங்கு இருக்கு. இந்த ஒரு வித்தியாசத்துலதான் எல்லாச் சிக்கலும் இருக்கு.

எப்படிப் பண்றாங்க? பத்துப் பன்னெண்டு நாள் ஊசி போட்டு, ஒரே மாசத்துல பல முட்டைகளை வளர வெச்சு, வெளிய எடுத்து, ஆய்வுக்கூடத்துல விந்தணுவோட சேர்க்கிறாங்க. அஞ்சாம் நாள் வாக்குல நூறு செல் அளவுக்குக் கரு வளர்ந்திருக்கும். கண்ணுக்குத் தூசி மாதிரி கூடத் தெரியாது. அதுல ஒண்ணை கர்ப்பப்பையில வைப்பாங்க. மிச்சம் நல்லா இருக்கிறதை உறைய வைப்பாங்க.

உறைய வைக்கிறதுன்னா ஃப்ரிட்ஜுல வைக்கிற மாதிரி இல்ல. செல்லுக்குள்ள இருக்கிற தண்ணி ஐஸாச்சுன்னா ஊசி ஊசியா நின்னு உள்ளேர்ந்தே கிழிச்சிடும். தக்காளியை ஃப்ரீசர்ல வெச்சு எடுத்தா தொளதொளன்னு ஆகுதே, அதேதான். அதனால பழைய முறையில, தண்ணியைக் கொஞ்சம் வெளியேத்திட்டு, நிமிஷத்துக்கு டிகிரிக்கும் குறைவா மெள்ள மெள்ளக் குளிர வெச்சாங்க. இப்போ பெரும்பாலும் நேர் எதிர் முறை. பாதுகாப்பு திரவத்துல தோய்ச்சு, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்துல சட்டுனு இறக்கிடுறாங்க. ஐஸாக நேரமே கிடைக்காம கண்ணாடி மாதிரி இறுகிடும். இதை 1985ல எலிக் கருவுல செஞ்சு காட்டினவங்க ராலும் ஃபாஹியும். இன்னிக்கு நல்ல ஆய்வுக்கூடத்துல இப்படி உறைஞ்ச கருவுல பத்துக்கு ஒம்போதுக்கு மேல உயிரோட மீளுது. மைனஸ் 196ல கருவுக்கு வயசே ஏறாது. 1990கள்ல உறைய வெச்ச கருவுலேர்ந்து முப்பது வருஷம் கழிச்சு அமெரிக்காவுல குழந்தை பொறந்திருக்கு. வைக்கிற பாத்திரம் என்னமோ, நம்மூர்ல மாட்டுக்கு சினை ஊசி போட வர்ற கால்நடை டாக்டர் கொண்டு வர்ற, புகை விடுற அந்த கேனோட அண்ணன்தான்.

சரி, உலகத்துல முதல்ல இதைப் பண்ணினது யாரு? புத்தகத்துல படிச்சா ஆஸ்திரேலியான்னு இருக்கும். உறைஞ்ச கருவுலேர்ந்து பொறந்த ஸோயி, 1984 மார்ச், மெல்பர்ன். ஆனா கல்கத்தாவுல ஒரு கதை இருக்கு.

டாக்டர் சுபாஷ் முகர்ஜி. 1978 ஜூலை 25 அன்னிக்கு இங்கிலாந்துல லூயிஸ் பிரவுன் பொறந்து சரியா பத்து வாரம் கழிச்சு, அக்டோபர் 3 அன்னிக்கு, அவர் சிகிச்சையில ஒரு பெண் குழந்தை பொறந்துச்சு. துர்கான்னு பேர் வெச்சாங்க. இங்கிலாந்துக்காரங்க பண்ணாத ஒண்ணை அவர் பண்ணியிருந்தார். கருவை உடனே வைக்காம 53 நாள் திரவ நைட்ரஜன்ல வெச்சிருந்து, அப்புறம் எடுத்து வெச்சார். ஏன் தெரியுமா? ஊசி போட்டு முட்டைகளை வளர்க்கிற மாசத்துல கர்ப்பப்பை கருவை ஏத்துக்கிற நிலையில இருக்காது, இன்னொரு மாசம் இயல்பா இருக்கும்போது வெச்சா ஒட்டும்ங்கிறது அவர் கணக்கு. இன்னிக்கு உலகம் முழுக்க நிறைய மருத்துவமனைகள்ல எல்லாக் கருவையும் முதல்ல உறைய வெச்சுட்டு அடுத்த மாசம் வைக்கிறாங்களே, அதே யோசனை. வங்காளத்துல ஒரு சின்ன ஆய்வுக்கூடத்துல, அப்பவே.

அவருக்கு என்ன கிடைச்சுது? மாநில அரசு விசாரணைக் குழு போட்டுச்சு. நம்ப முடியாதுன்னு எழுதிக் குடுத்துச்சு. வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போக அனுமதி இல்ல. கடைசியில சம்பந்தமே இல்லாம கண் மருத்துவ நிலையத்துக்கு மாத்தினாங்க. 1981 ஜூன்ல தற்கொலை பண்ணிக்கிட்டார். 1986ல மும்பையில பொறந்த குழந்தைதான் இந்தியாவோட முதல் சோதனைக்குழாய் குழந்தைன்னு பதிவாச்சு. அந்தக் குழந்தைக்குக் காரணமான விஞ்ஞானிகள்ல ஒருத்தரான டி.சி. ஆனந்த் குமாரே, பின்னால முகர்ஜியோட குறிப்புகளைப் படிச்சுப் பார்த்துட்டு, "முதல் ஆள் நான் இல்ல, அவர்தான்"ங்கிற அர்த்தத்துல 1997ல கட்டுரை எழுதினார். தனக்கு வந்த பெருமையைத் தானே எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கிற மனசு எத்தனை பேருக்கு இருக்கும்னு தெரியல.

இதை இங்க சொல்றதுக்குக் காரணம் இருக்கு. துர்காவோட அப்பா அம்மா அன்னிக்கு அந்த விசாரணைக்கு முன்னால வந்து வெளிப்படையா நிக்க விரும்பல. அக்கம்பக்கம் என்ன சொல்லுமோங்கிற பயம். அந்தப் பயம் இன்னும் போகல. 1990ல சென்னையில டாக்டர் கமலா செல்வராஜ் மருத்துவமனையில தென்னிந்தியாவோட முதல் சோதனைக்குழாய் குழந்தை பொறந்துச்சு. இன்னிக்கு திருநெல்வேலியிலயும் சேலத்துலயும் சுவருக்குச் சுவர் குழந்தையின்மை சிகிச்சை விளம்பரம். உள்ள கூட்டம் நிக்க இடமில்ல. வெளிய வந்து யாராச்சும் வாயைத் தொறக்குறாங்களா?

இந்த ஊர் அந்த விஷயத்துல வேற மாதிரி. மான்ட்ரியல் பக்கத்துல ஷார்ல்மான்யில பொறந்தவங்கதான் பாடகி செலின் டியோன். 2001ல மகன் பொறந்தப்போ, அதே சிகிச்சையில உருவான இன்னொரு கரு நியூயார்க்ல உறைஞ்சு இருக்குன்னு அவங்களே பேட்டியில சொன்னவங்க. தொலைக்காட்சி தயாரிப்பாளர் ஜூலி ஸ்னைடர் தன் சிகிச்சையைப் பத்தி வெளிப்படையாப் பேசி, அரசாங்கமே செலவை ஏத்துக்கணும்னு போராடினாங்க. 2010 ஆகஸ்ட்ல க்யூபெக் அரசு ஒத்துக்கிச்சு. ஆனா ஒரு நிபந்தனை: ஒரு தடவைக்கு ஒரே ஒரு கருதான் வைக்கணும். கூட வைக்கணும்னா டாக்டர் காரணம் எழுதணும். முன்னால நிச்சயமாகட்டும்னு ரெண்டு மூணு வைப்பாங்க. இரட்டை, மூணுன்னு பொறந்து, குறைமாசக் குழந்தைகளா தீவிர சிகிச்சைப் பிரிவுல கிடக்கும். அதுக்கு ஆகுற செலவும் அரசாங்கத்துதானே. 2009ல இந்தச் சிகிச்சையில உண்டான கர்ப்பத்துல நாலுல ஒண்ணு பல குழந்தைக் கர்ப்பம். திட்டம் வந்த முதல் சில மாசத்துலயே அது நூத்துக்கு அஞ்சுக்கும் கீழ இறங்கிடுச்சு.

நல்ல விஷயம்தான். ஆனா ஒண்ணுதான் வைக்கலாம்னா மிச்சம் எங்க போகும்? டாங்குக்குள்ளதான். உறைய வைக்கிறது தேறாத ஒண்ணுக்கு மாற்று வழியா இல்லாம, எல்லாரும் போற வழியே ஆயிடுச்சு. செலவு கையை மீறுதுன்னு 2015 நவம்பர்ல அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திச்சு. 2021 நவம்பர்லேர்ந்து மறுபடி, ஒரு சுற்றுக்கு மட்டும். (என்னை மாதிரி இந்திய மாணவர்களுக்கு இது எதுவும் இல்ல. சூரியப் படம் போட்ட அந்த மருத்துவ அட்டை நமக்குக் கிடைக்காது. அவ்வ்வ்...)

இப்போ அந்த அக்கா விஷயம். (அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியிற விவரமெல்லாம் எடுத்துட்டேன்.) யாழ்ப்பாணத்துக்காரங்க. இங்க வந்து பல வருஷமாச்சு. கடையில, வேலை இடத்துல பிரெஞ்சு சரளமாப் பேசுவாங்க. ஆனா மருத்துவமனை குடுத்த ஒப்புதல் படிவம் வக்கீல் பிரெஞ்சு. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கோன்னு கூப்பிட்டாங்க. சமையலறை மேசையில உக்காந்து ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லிட்டே வந்தேன். ஊசி, பக்கவிளைவு, உறைய வைக்கிறது எல்லாம் தாண்டி ஒரு பக்கம் வந்துச்சு. உங்கள்ல ஒருத்தர் இறந்தா கருவை என்ன செய்யணும்? ரெண்டு பேரும் இறந்தா? பிரிஞ்சா? இனி வேணாம்னு முடிவு பண்ணினா? ஒவ்வொண்ணுக்கும் கீழ கட்டங்கள். அழிச்சிடலாம், ஆராய்ச்சிக்குக் குடுக்கலாம், இன்னொரு தம்பதிக்குக் குடுக்கலாம்.

அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "என்ன தங்கச்சி இது, வயித்துக்க வாறதுக்கு முந்தியே சாவைப் பற்றிக் கேக்கினம்"னாங்க.

அண்ணாவுக்கு போன் போட்டாங்க. வேலையில இருந்தார். "அதெல்லாம் நீ பாத்துப் போடும், நான் கையெழுத்து வைக்கிறன்"னு வெச்சிட்டார். ஏதோ ஒரு கட்டத்துல அக்கா கோடு போட்டாங்க. இப்போ அவங்களுக்கு ரெண்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. வாலு. ரெண்டு கரு இன்னும் டாங்குல இருக்கு. இன்னொரு பிள்ளை வேணாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணியாச்சு. ஆனா வருஷா வருஷம் சேமிப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும்போதெல்லாம் கட்டிடுறாங்க. "நிப்பாட்டச் சொல்ல வாய் வருகுதில்லை. இவளைப் பாக்கேக்க அதுகளும் இவளை மாதிரித்தானே எண்டு வருது. ஆருக்கும் குடுக்கவும் மனமில்லை." ஃபார்ம்ல அன்னிக்குப் போட்ட கோடு வேற. இன்னிக்கு மனசு வேற. அந்தக் கடிதத்துக்கு அவங்க கட்டுறது சேமிப்புக் கட்டணம் மாதிரியே எனக்குத் தெரியல. முடிவெடுக்கிறதை ஒரு வருஷம் தள்ளிப் போடக் குடுக்கிற வாடகை.

சட்டம் என்ன சொல்லுது? கனடாவுல 2004ல வந்த சட்டப்படி, எழுத்து மூலமான சம்மதம் இல்லாம கருவைப் பயன்படுத்த முடியாது. ரெண்டு பேரோட கருன்னா ரெண்டு பேர் சம்மதமும் வேணும். பயன்படுத்துற வரைக்கும் சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கலாம். ஒன்டாரியோவுல ஒரு வழக்கு. கணவன் மனைவி அமெரிக்காவுலேர்ந்து முட்டையும் விந்தணுவும் வாங்கிக் கரு உண்டாக்கி, ஒரு மகன் பொறந்தான். ஒரு கரு மிச்சம். பிரிஞ்சிட்டாங்க. பிரிஞ்சா மனைவி விருப்பப்படின்னு முன்னால எழுதிக் குடுத்திருந்தாங்க. கீழ் நீதிமன்றம் அதை வெச்சு அந்தம்மாவுக்கே குடுத்துச்சு. 2019ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாத்திச்சு. முன்னாள் கணவர் சம்மதத்தைத் திரும்ப வாங்கிட்டார், ஒப்பந்தத்தால அந்த உரிமையைப் பறிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. இத்தனைக்கும் அந்தக் கருவுல ரெண்டு பேரோட ரத்தமும் இல்ல!

யாருமே இல்லாமப் போனா? 1983ல ஒரு அமெரிக்கத் தம்பதி விமான விபத்துல இறந்துட்டாங்க. அவங்களோட ரெண்டு கரு மெல்பர்ன்ல உறைஞ்சு கிடந்துச்சு. என்ன செய்யணும்னு எங்கயும் எழுதி வைக்கல. அது வாரிசா, சொத்தா, இல்ல ரெண்டும் இல்லையான்னு அங்க ஒரு மாநில சட்டமன்றமே உக்காந்து பேச வேண்டியதாச்சு. இன்னிக்கு ஃபார்ம்ல அந்தச் சாவுக் கேள்வி இருக்கிறதுக்கு அந்த மாதிரி அனுபவங்கள்தான் காரணம். 2024 பிப்ரவரியில அலபாமா உச்ச நீதிமன்றம் உறைஞ்ச கருவும் குழந்தைதான்னு ஒரு இழப்பீட்டு வழக்குல தீர்ப்பு சொன்னதும், அங்க மருத்துவமனைகள் பயந்து சிகிச்சையையே நிறுத்தினது, அடுத்த மாசமே தனிச் சட்டம் போட்டுத் தொடங்கினது எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்தியாவுல 2021ல வந்த சட்டம் வேற ஒரு கணக்கு வெச்சிருக்கு. பத்து வருஷம். அதுக்கு மேல கருவை வெச்சிருக்க முடியாது. அழிய விடணும், இல்லேன்னா சம்மதத்தோட ஆராய்ச்சிக்குக் குடுக்கணும். நாட்டை விட்டு வெளிய கொண்டு போகணும்னா, சொந்தப் பயன்பாட்டுக்கே ஆனாலும் தேசிய வாரியத்தோட அனுமதி வேணும்.

எங்க கதை இங்கதான் மாட்டுது. மான்ட்ரியல்ல பண்ண எங்ககிட்ட காசு இல்ல. லீவுக்குப் போகும்போது சென்னையில பண்ணலாம். பண்ணினா கரு சென்னையில, நான் இங்க. படிப்பு முடிஞ்சு நான் ஊருக்கே வந்துட்டா பிரச்சினை இல்ல. அவர் இங்க வந்துட்டா, அனுமதி வாங்கி டாங்குல வெச்சு விமானத்துல கொண்டு வரணும். இதெல்லாம்கூட காகித வேலை. ஓடி ஆடி முடிச்சிடலாம்.

முடியாம நின்னது அந்தப் பக்கம்தான். அக்கா வீட்டுலேர்ந்து வந்த அன்னிக்கு ராத்திரி, அதாவது அவருக்குக் காலையில, போன்ல கேட்டேன். (நாங்க காலேஜ்லேர்ந்தே வாடா போடா.) "நம்மள்ல ஒருத்தர் செத்துட்டா அதை என்னடா பண்றது?"

யோசிக்கவே இல்ல. "நான் செத்தா அழிச்சிடச் சொல்லிடு. அப்பாவைப் பாக்காமலே பொறக்கப்போற குழந்தைக்கு நான் இப்பவே ஏன் கையெழுத்துப் போடணும்?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. நீ போயிட்டா எனக்கு அது ஒண்ணுதானேடா இருக்கும்னு தோணிச்சு. சொல்லவும் சொன்னேன். அவன், "அதான்டி பயமா இருக்கு. ஒரு குழந்தை எனக்குப் பதிலா பொறக்கக்கூடாது"ன்னான்.

அப்புறம் மூணு வாரம் இதையே பேசினோம். 2024 அக்டோபர்ல டெல்லி உயர்நீதிமன்றம் குடுத்த தீர்ப்பைப் பத்தியும் பேசினோம். புற்றுநோய் சிகிச்சைக்கு முன்னால மகன் உறைய வெச்ச விந்தணுவை, அவர் இறந்தப்புறம் அவர் அப்பா அம்மாகிட்டயே குடுக்கச் சொன்ன தீர்ப்பு. மகனைப் பறிகொடுத்தவங்க வேதனை புரியுது. ஆனா நாம சொல்லாம விட்டதை நமக்காக நம்ம சொந்தக்காரங்க சொல்ல வேண்டி வரும், அதைக் கேட்டு ஒரு நீதிபதி முடிவு பண்ண வேண்டி வரும்ங்கிறதும் புரிஞ்சுது.

முடிவு என்ன? இறந்தா அவன் சொன்ன மாதிரி. என் பக்கம் நான் போயிட்டாலும் அதே மாதிரி. எனக்கு முழுச் சம்மதம்னு சொல்ல மாட்டேன். ஆனா அவனோட பாதி அவன் சம்மதம் இல்லாம என்கிட்ட வேணாம். இனி குழந்தை வேணாம்னு ஆன பிறகு மிச்சம் இருந்தா ஆராய்ச்சிக்கு. சுபாஷ் முகர்ஜியைப் படிச்சதுக்கப்புறம் அந்தக் கட்டத்துல கோடு போட எனக்குத் தயக்கம் இல்ல. எத்தனை முட்டையைக் கருவாக்குறதுன்னும் டாக்டர்கிட்ட முன்னாடியே பேசப்போறோம். நிறைய இருந்தா வாய்ப்பு அதிகம், உண்மைதான். மிச்சமும் அதிகம்.

சிகிச்சைக்குப் போறவங்க ஊசி விலை, வெற்றி சதவீதம், எந்த டாக்டர் கைராசின்னு ஆயிரம் பேர்கிட்ட விசாரிக்கிறோம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கவுண்டர்ல பேனா கடன் வாங்கி, நின்னுக்கிட்டே நிரப்புறோம். டாக்டரால, ஆய்வுக்கூடத்தால, திரவ நைட்ரஜனால செய்ய முடியாத வேலை அது ஒண்ணுதான். ஃபார்மை முன்கூட்டியே வாங்கிட்டு வாங்க. வீட்டுல வெச்சுப் படிங்க. மொழி புரியலேன்னா யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க, அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் பேசுங்க, சண்டை வந்தாலும் பரவாயில்ல. வருஷா வருஷம் கட்டணக் கடிதம் வரும்போது இன்னொரு தடவை பேசுங்க, ஏன்னா மனசு மாறும்.

உங்கள்ல யாராச்சும் இதைத் தாண்டி வந்திருந்தா, அந்தப் பக்கத்துல என்ன எழுதினீங்க, இப்போ என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க. நம்ம ஊர் நிலவரம் எனக்கும் தெரியும், அதனால அனானியா வந்து சொன்னாலும் சந்தோஷம்தான்.